படுதா குளத்துக்கு ட்ரம் ஃபில்டர்: ஜல்லியா, பாட்டில் மூடியா, ஒண்ணுமே வேண்டாமா?

கேள்வி, மார்ச் 2 (பாலக்காட்டுக் கொல்லங்கோட்டிலிருந்து)

பத்தடிக்கு ஏழடி படுதா குளம் (தார்ப்பாய் விரிச்சது), மூணடி ஆழம். நட்டர் மீனும் திலாப்பியாவும் விட்டிருக்கேன். தண்ணி நாறுது. பயோ ஃபில்டர் போடுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. ட்ரம்முல கருங்கல் ஜல்லியைக் கொட்டி மோட்டாரை ஓட்டினா தண்ணி சுத்தமாயிடுமா? அப்படின்னா ஆத்துல எத்தனை கல்லு கிடக்குது, கோடையில ஆத்துத் தண்ணி ஏன் நாறுது?

பதில், மார்ச் 2, இரவு

ஓட்டம் நின்னுடுது, அதனால நாறுது. ஓட்டம் நின்னா தண்ணியில ஆக்ஸிஜன் சரியாக் கரையாது, கல்லுல ஒட்டியிருக்கிற நல்ல ஜீவன்கள் போய் வேற கூட்டம் குடிவரும். கல்லு வேலை செய்யறதில்லண்ணா. கல்லுமேல இருக்கிறதுதான் வேலை செய்யுது.

உங்க குளம் 210 கன அடி, ஏறக்குறைய 6,000 லிட்டர். அதை விடுங்க. ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தீனி போடறீங்க? அதைக் கேக்காம ஃபில்டர் அளவு சொல்றவங்களை நம்பாதீங்க. மீன் எத்தனைன்னு கேக்கறவங்க பாதி தெரிஞ்சவங்க. குளம் எத்தனை லிட்டர்னு மட்டும் கேக்கறவங்க ட்ரம் விக்க வந்தவங்க.

மார்ச் 3, காலை

மீன் தின்ற புரதத்துல உடம்புல சேர்ந்தது போக மிச்ச நைட்ரஜன் அம்மோனியாவா வெளிய வருது. அது மலத்துல வர்றதா பலபேர் நெனைக்கிறாங்க. பெரும்பாலும் செவுள் வழியா, தண்ணியில கரைஞ்சே வருது. அதனால எவ்வளவு நைசான வலையில வடிச்சாலும் போகாது. ஜல்லியோ மூடியோ குழாய்த்துண்டோ, எதுமேலயாவது ஒட்டி வாழ்ற ஒரு பாக்டீரியாக் கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் ரெண்டும் மீனுக்கு விஷம். மூணாவது கொஞ்சம் ஏறினாலும் மீன் தாங்கும். செடி இருந்தா செடி எடுத்துக்கும், இல்லேன்னா அந்தத் தண்ணியைத் தென்னைக்கு விட்டுட்டுப் புதுத் தண்ணி விடலாம்.

நாத்தம் வேற கதை. அம்மோனியா உங்க மூக்குக்குத் தெரியற அளவுக்கு வர்றதுக்குள்ள மீன் செத்து மிதந்திருக்கும். இப்ப நாறுறது அடியில படிஞ்ச கழிவும் தின்னாத தீனியும் காத்தில்லாம அழுகறது. அதுக்கு பயோ ஃபில்டர் மருந்தில்ல. கழிவைத் தனியா எடுக்கிற ட்ரம் ஒண்ணு முன்னாடி வேணும். இந்த ரெண்டையும் ஒரே ட்ரம்முல செய்யப் போய்த்தான் பாதிப்பேர் ஃபில்டரே பொய்ங்கிறாங்க.

மார்ச் 3, கொஞ்ச நேரம் கழிச்சு

தண்ணி பச்சையாறது வேற விஷயம்தானேன்னு வேலந்தாவளத்துத் தம்பி கேட்டதுக்கு: ஆமா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அது பாசி. நிழல் போடுங்க.

மார்ச் 6

கொல்லங்கோட்டண்ணா தினம் 300 கிராம் தீனின்னு சொல்லியிருக்காரு. மூட்டையில 32 சதவீதம் புரதம்னு போட்டிருக்காம். இப்பக் கணக்குப் போடலாம்.

தீனியோட எடையைப் புரத அளவால பெருக்கி, அதை 0.092 ஆல பெருக்கினா ஒரு நாளைக்கு வர்ற அம்மோனியா நைட்ரஜன் கிடைக்கும். 300 × 0.32 × 0.092, ஏறக்குறைய 9 கிராம்.

ஜீவன்கள் ஒட்டியிருக்கிற ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும்? தண்ணி, சூடு, ஆக்ஸிஜனைப் பொறுத்து மாறும். நான் கால் கிராம்னு வெச்சுக்குவேன். வீட்டு ஃபில்டருக்கு அதுக்குமேல எதிர்பார்த்தா ஏமாந்துடுவோம். அப்ப 36 சதுர மீட்டர் பரப்பு வேணும்.

முக்கால் இஞ்ச் ஜல்லியை 20 மி.மீ. உருண்டைன்னு வெச்சு, நடுவுல நாப்பது சதவீதம் இடைவெளி விட்டா, ஒரு கன மீட்டர் ஜல்லிக்கு 180 சதுர மீட்டர் பரப்பு வருது. இது எட்டாங்கிளாஸ் கணக்குதான், பேப்பர்ல போட்டுப் பாருங்க. 36-ஐ 180-ஆல வகுத்தா 0.2 கன மீட்டர். அதாவது 200 லிட்டர் ட்ரம் ஒண்ணு நெறைய ஜல்லி.

ஆக, அண்ணன் முதல்ல கேட்டது சரியாத்தான் இருக்கு! ஒரு ட்ரம் ஜல்லி போதும். ஆனா 300 கிராம் தீனிக்கு மட்டும். மீன் வளர்ந்து 600 கிராம் போட ஆரம்பிச்சா ரெண்டு ட்ரம். யாரும் ரெண்டாவது ட்ரம் வைக்கிறதில்ல. தீனியை மட்டும் கூட்டிக்கிட்டே போறாங்க.

மார்ச் 7

ஜல்லியா, மூடியா, கடையில விக்கிற பிளாஸ்டிக் சக்கரமான்னு ராத்திரி முழுக்க சண்டை போட்டிருக்கீங்க.

கடைச் சக்கரத்துல கே1 வகைக்கு ஒரு கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர் பாதுகாப்பான பரப்புன்னு சொல்வாங்க. அப்ப 36 சதுர மீட்டருக்கு 72 லிட்டர் சக்கரம் போதும். விலை அதிகம். அடியில காத்து விட்டா சுழன்டு சுழன்டு தானே தன்னைக் கழுவிக்கும், அடைக்காது. நீங்க காசு குடுக்கறது அந்த அடைக்காத குணத்துக்கு.

ஜல்லி சல்லிசு. ஆனா கனம். ஒரு ட்ரம் ஜல்லி முன்னூறு கிலோவைத் தாண்டும். ஒருதடவை நெறைச்சா நீங்க நகர்த்தப் போறதில்ல, உங்க மகன் நகர்த்தணும்.

பாட்டில் மூடி: கல்யாண மண்டபத்துல சொல்லி வெச்சா சாக்குச் சாக்கா கிடைக்கும். என் ரெண்டாவது ட்ரம்முல அதுதான் இருக்கு. கவிழ்ந்த மூடிக்குள்ள காத்துக்குமிழ் மாட்டிக்கிட்டு மேல மிதக்கும், அதனால நடுவுல ஓட்டை போடணும். ஆணியைச் சூடுபண்ணிக் குத்தறது நல்ல வேலை இல்ல, புகை தலைவலி. ட்ரில்லிங் மெஷின்ல போடுங்க. டிவி பாக்கிறப்ப குழந்தைங்ககிட்ட குடுத்தா முடிச்சிடுவாங்கன்னு நெனைச்சேன். அரைமணி நேரத்துல அத்தனை பேரும் தூங்கிட்டாங்க.

குப்பையிலிருந்து எடுத்த பிவிசி வயரிங் பைப்பை அரை இஞ்ச் துண்டா வெட்டிப் போடறதும் நல்லா வேலை செய்யும். எலக்ட்ரீஷியன் யாராவது தெரிஞ்சா வேஸ்ட்டைக் கேளுங்க.

எதைப் போட்டாலும் பரப்பளவுக் கணக்குதான். ஜாதிச் சண்டை வேண்டாம்.

மார்ச் 11

ட்ரம் வாங்கறவங்களுக்கு. பூச்சிமருந்து வந்த ட்ரம் வேண்டவே வேண்டாம். எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் பிளாஸ்டிக்குக்குள்ள ஊறினது கசியும். இங்க மாந்தோப்பு ஜாஸ்தி, விலை மலிவா யாராச்சும் ட்ரம் தர்றேன்னா முதல்ல லேபிளைப் பாருங்க. லேபிளைக் கிழிச்சிருந்தா வாங்காதீங்க. எண்ணெய், வினிகர், ஜூஸ் வந்ததுன்னா சரி.

நான் கோயம்புத்தூர் உக்கடத்துல வாங்கி ஆட்டோல கொண்டுவந்தேன். செக்போஸ்ட்ல நிறுத்தி ஒவ்வொரு ட்ரம்மையும் மூடி திறந்து முகர்ந்து பார்த்தாங்க. எங்க பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவுல கள்ளு எவ்வளவு இறங்குதுன்னு தெரிஞ்சவங்களுக்குப் புரியும், கள்ளுல கலக்க ஸ்பிரிட் வருதோன்னு சந்தேகம். "மீன் வளர்க்கவா? காலி ட்ரம்மா? ரெண்டா?"ன்னு அங்க இருந்த அதிகாரி கேட்டாரு. நம்பின மாதிரி தெரியல. கடைசியில அவரே நட்டர் கிலோ என்ன விலைக்குப் போகுதுன்னு விசாரிச்சுட்டு விட்டாரு.

மார்ச் 12

கட்டற விதம். படம் போடச் சொல்றீங்க, நான் வரைஞ்சா மாட்டுவண்டி மாதிரி இருக்கும், அதனால எழுத்துலயே.

மோட்டாரைக் குளத்துக்குள்ள போட்டு அங்கிருந்து ட்ரம்முக்கு அடிக்கிறதுதான் எல்லாரும் செய்யறது. அதுல ஒரு தொல்லை: மோட்டார் விசிறி கழிவை அரைச்சு மாவாக்கிடும். மாவானது முதல் ட்ரம்முல படியாது, நேரா ஜல்லிக்குப் போய் அடைக்கும். அதனால மோட்டார் கடைசியில இருக்கணும். குளத்து அடியிலிருந்து பைப் வழியா தண்ணி தானா முதல் ட்ரம்முக்கு வரணும், அங்கிருந்து ரெண்டாவதுக்கு, அதுக்கடுத்து சின்னதா ஒரு தொட்டி, அதுல மோட்டார். மோட்டார் அங்கிருந்து தண்ணியைக் குளத்துக்குத் தூக்கி விடும். இதுக்குக் குளத்து நீர்மட்டமும் ட்ரம் நீர்மட்டமும் ஒண்ணா இருக்கணும். உங்க குளம் தோண்டின குளம்னா ட்ரம்முக்கும் குழி வெட்டணும்.

முதல் ட்ரம்: தண்ணி பாதி உயரத்துல, ட்ரம்மோட சுவரை ஒட்டிப் பக்கவாட்டுல நுழையணும். அப்பத்தான் சுழலும். சுழன்டா கழிவு நடுவுல கூடி அடியில இறங்கும். மேல்மட்டத்துலருந்து ரெண்டாவது ட்ரம்முக்கு வழி. அடியில ஒரு பால் வால்வு, தினமும் ஒரு பக்கெட் கறுப்புத் தண்ணி திறந்து விட. அந்தத் தண்ணி வாழைக்குத் தங்கம். ஒரு ட்ரம்முக்கு மணிக்கு 3,000 லிட்டருக்கு மேல ஓட்டாதீங்க, படியறதுக்கு நேரம் கிடைக்காது. 6,000 லிட்டர் குளத்துக்கு ரெண்டு மணி நேரத்துல ஒரு சுத்து, அது போதும்.

ரெண்டாவது ட்ரம்: தண்ணி அடியில நுழைஞ்சு மேல வரணும். ஜல்லி ட்ரம்மோட தரையைத் தொடக்கூடாது. அரையடி உயரத்துக்கு ஓடு, செங்கல் அடுக்கி அதுமேல பிளாஸ்டிக் கூடைத் தட்டு, அதுமேல ஜல்லி. அந்த அரையடியில இறங்கற சேறை எடுக்க இங்கயும் ஒரு வால்வு. இந்த வால்வை மிச்சம் பிடிக்கிறவங்க அடுத்த வருஷம் முன்னூறு கிலோ ஜல்லியைக் கையால அள்ளுவாங்க.

மோட்டார் பெட்டியில போட்டிருக்கிற லிட்டர் கணக்கு தண்ணியைத் தூக்காம ஓட்டினா வர்றது. நாலடி தூக்கினா பாதிகூட வராம போகலாம். பக்கெட் வெச்சு நேரம் பாத்துக்கோங்க.

மார்ச் 19

வெல்லத்தைக் கரைச்சு ஊத்தினா பாக்டீரியா சீக்கிரம் வரும்னு ஒருத்தர் எழுதியிருக்கார். ஐயா, அது பயோஃப்ளாக் வேலை. அங்க வெல்லம் போட்டு வேற வகை பாக்டீரியாவை வளர்த்து, அதுவே அம்மோனியாவை உடம்புல சேர்த்துக்கும், அதுக்கு ராப்பகலா காத்து அடிச்சுக்கிட்டே இருக்கணும். நம்ம ஃபில்டர் ஜீவன்களுக்கு வெல்லம் வேண்டாம். அதுங்க அம்மோனியாவையும் ஆக்ஸிஜனையும் கரியமில வாயுவையும் வெச்சே பிழைக்கும். வெல்லம் ஊத்தினா வேகமா வளர்ற கூட்டம் இடத்தைப் பிடிச்சு, ஆக்ஸிஜனைக் காலி பண்ணி, இதுங்களை மூடிடும். பஞ்சகவ்யமும் அப்படித்தான். பயிருக்கு வைங்க.

பாட்டில் பாக்டீரியா வாங்கலாமான்னு அடுத்த கேள்வி. சிலது வேலை செய்யும், சிலது வெறும் தண்ணி, பாட்டிலைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த வகை பாக்டீரியாவை 1890-லயே வினோகிராட்ஸ்கிங்கிற ரஷ்ய விஞ்ஞானி பிரிச்சுக் காட்டினாரு. அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல, ஒரு கூட்டம் பாதி வேலை, இன்னொரு கூட்டம் மீதி வேலைன்னுதான் எல்லாப் புத்தகமும் சொல்லிச்சு. மேல நானும் அப்படித்தான் எழுதியிருக்கேன். 2015-ல முழு வேலையையும் ஒண்டியாளா முடிக்கிற, நைட்ரோஸ்பைராங்கிற வகை பாக்டீரியாவைக் கண்டுபிடிச்சாங்க. எங்க தெரியுமா? நெதர்லாந்துல, ஒரு மீன் வளர்ப்புத் தொட்டியோட ஃபில்டர்ல! நம்ம மாதிரி ஆளுங்க அழுக்குன்னு கழுவி ஊத்தறதுலதான் அது உக்காந்திருந்திருக்கு.

அதனால சல்லிசான வழி: நல்லா ஓடற பழைய குளம் யாருகிட்டயாவது இருந்தா ஒரு வாளி ஜல்லியோ மூடியோ கேட்டு வாங்கி, ஈரம் காயாம கொண்டுவந்து உங்க ட்ரம்முல போடுங்க. அவங்க குளத்துல மீனுக்கு நோய் இல்லைன்னு தெரிஞ்சா மட்டும். நான் யாருக்கு வேணும்னாலும் தர்றேன், வாளி நீங்க கொண்டுவரணும்.

இல்லாட்டி தானா வரும். நம்ம ஊர் சூட்டுக்கு மூணு நாலு வாரம், சில சமயம் ஆறு. இதுங்க ஒண்ணு ரெண்டாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அவசரப்படாதீங்க. அதுவரைக்கும் தீனி கால் பங்கு.

மார்ச் 27

இதுதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம்னு எனக்குப் படுது, ஆனா யாரும் கேக்கல.

ஒத்தப்பாலத்து மாஷ் (வாத்தியார்) ஒருத்தர் நான் சொன்ன அதே அளவுல கட்டினாரு. முதல்ல நல்லா ஓடுச்சு, அப்புறம் அம்மோனியா திரும்ப ஏறிடுச்சுங்கறாரு. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துல என் குளத்துல அந்தத் தொல்லை வந்ததே இல்ல. ட்ரம் அளவு ஒண்ணு, பரப்பு ஒண்ணு, தீனி ஒண்ணு. தண்ணி மட்டும் வேற.

ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாத்த ஜீவன்கள் 4.57 கிராம் ஆக்ஸிஜனும் 7.14 கிராம் காரத்தன்மையும் தின்னும். காரத்தன்மையைக் கால்சியம் கார்பனேட் கணக்குல சொல்றேன். 9 கிராமுக்கு ஒரு நாளைக்கு 64 கிராம். என் போர் தண்ணி கடுந்தண்ணி, பாத்திரத்துல வெள்ளையா படியும், லிட்டருக்கு 300 மில்லிகிராம் காரத்தன்மை இருக்கு. 6,000 லிட்டர்ல 1,800 கிராம் இருப்பு. வாரக்கணக்குல தாங்கும், நடுவுல தண்ணி மாத்தினா அதுவும் ஏறும். மாஷ் வீட்டுக் கிணறு வெட்டுக்கல் மண்ணுல தோண்டினது, மென்தண்ணி. லிட்டருக்கு 30 மில்லிகிராம்னு வெச்சா மொத்தமே 180 கிராம். மூணு நாளுக்குக்கூட வராது. அதுக்கப்புறம் பிஎச் சறுக்கும், அதாவது தண்ணி அமிலமாகும், ஜீவன்கள் வேலையை நிறுத்திடும்.

மருந்து சமையலறையிலயே இருக்கு, ஆப்பசோடா. மாஷ் குளத்துக்கு தினம் நூறு கிராம் சொச்சம், கரைச்சு ஊத்தணும். கிளிஞ்சல் கிடைச்சா ஒரு வலைப்பையில கட்டி ரெண்டாவது ட்ரம்முல தொங்க விடலாம், அது மெதுவாக் கரையும்.

அப்ப கடுந்தண்ணிக்காரங்க பாக்கியசாலின்னு நெனைக்காதீங்க. எங்களுக்கு வேற தலைவலி. அம்மோனியாவுல விஷமான பங்கு எவ்வளவுங்கறதை பிஎச் தீர்மானிக்குது. 28 டிகிரியில பிஎச் 7-ன்னா ஒரு சதவீதம்கூட விஷமில்ல. 8-ன்னா ஆறரை சதவீதம். 9-ன்னா நாப்பதைத் தாண்டும். பச்சைத் தண்ணிக் குளத்துல சாயங்காலம் நாலு மணிக்கு பிஎச் 9-க்குப் போகும், பாசி பகல் முழுக்கக் கரியமில வாயுவை உறிஞ்சறதால. காலையில அம்மோனியா டெஸ்ட் கிட்டுல பார்த்து "கொஞ்சம்தான் இருக்கு"ன்னு நிம்மதியா இருக்கறவங்க சாயங்காலம் பாருங்க. பாசிக்கு நிழல் போடுங்கன்னு மார்ச் 3-ல ஒரு வரியில தள்ளிவிட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு, பாத்தீங்களா.

தண்ணிக் கணக்கு எங்களுக்குப் புதுசில்ல. கோக் கம்பெனி நிலத்தடித் தண்ணியை உறிஞ்சுதுன்னு போராட்டம் நடந்த பிளாச்சிமடை பக்கத்துலதான் இருக்கு.

ஏப்ரல் 8

கொல்லங்கோட்டண்ணா: அம்மோனியா இறங்கிடுச்சு, ஆனா மீனெல்லாம் தண்ணி விழற இடத்துல கூடி வாயைத் தூக்குது, ஆக்ஸிஜன் மோட்டார் ஓடுது, அப்பறம் ஏன்?

நைட்ரைட். ரெண்டாவது கூட்டம் எப்பவும் பின்னாடிதான் வரும், நடுவுல நைட்ரைட் குவியும். அது ரத்தத்துல கலந்து ஆக்ஸிஜன் சுமக்கிற வேலையைக் கெடுத்துடும், தண்ணியில எவ்வளவு காத்து இருந்தாலும் மீனுக்குப் பிரயோஜனமில்ல. ஒரு மீனைப் பிடிச்சு செவுளைத் தூக்கிப் பாருங்க. சிவப்பா இருக்கணும். பழுப்பா இருந்தா இதுதான்.

இன்னைக்கே: தீனியை நிறுத்துங்க. கல்லுப்பு 1,000 லிட்டருக்கு 1 கிலோ, உங்களுக்கு 6 கிலோ, வாளியில கரைச்சு நாலஞ்சு தடவையா ஊத்துங்க. உப்புல இருக்கிற குளோரைடு செவுள் வாசல்ல நைட்ரைட்டை உள்ள விடாது. கால்வாசித் தண்ணி மாத்துங்க, மாத்தினப்பறம் உப்பு போடுங்க, முன்னாடி போட்டா உப்பும் போயிடும்.

ஏப்ரல் 9

அயோடின் போட்ட உப்பான்னு கேக்கறீங்க. கல்லுப்பு. பலசரக்குக் கடையில சாக்குல இருக்குமே, அது.

ஏப்ரல் 21

ஒரே வாரத்துல நாலு பேர் எழுதிட்டாங்க, விடியக்காலம் மீன் செத்துக் கிடந்துச்சுன்னு. எல்லாருக்கும் ராத்திரி கரண்ட் போயிருக்கு.

30 டிகிரி தண்ணி முழுசா நெறைஞ்சாலும் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் பிடிக்கும். ராத்திரி பாசியும் மூச்சு விடும், மீனும் விடும், ஃபில்டரும் தின்னும். விடியற்காலம்தான் ரொம்பக் குறைஞ்சிருக்கும். அதனால சாயங்காலம் வயிறு நெறையத் தீனி போடாதீங்க, செரிக்கிற நேரத்துல ஆக்ஸிஜன் ஜாஸ்தி வேணும்.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்றதில்ல. ரொம்ப நேரம் மோட்டார் நின்ன ட்ரம்முக்குள்ள தண்ணி கெட்டுப் போயிருக்கும், அழுகின முட்டை நாத்தம் வரும். கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டா அந்தத் தண்ணி பூராவும் குளத்துக்குள்ள போகும். கரண்ட் இல்லாதப்பத் தப்பிச்ச மீன் கரண்ட் வந்தப்பறம் சாகறது இப்படித்தான். முதல்ல ட்ரம் வால்வைத் திறந்து தென்னைக்கு விடுங்க, அப்பறம் ஸ்விட்சைப் போடுங்க.

மீன் கடைக்காரங்க விக்கிற பேட்டரி ஏர்பம்பு ஒண்ணு, கரண்ட் போனா தானா ஓடற மாதிரி, வாங்கி வைங்க. ஃபில்டருக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடியே அதை வாங்கணும்னு இப்பத் தோணுது.

மே 5

வண்டித்தாவளத்து அக்கா தென்னைநார் போட்டிருக்காங்க. மார்ச்சுல யாரோ கேட்டப்ப நார் அழுகிடும், வேண்டாம்னு மனசுல நெனைச்சு பதிலே எழுதாம விட்டேன். அக்கா குளத்தை நேர்ல பார்த்துட்டு வந்தப்பறம் பாதி மாத்திக்கிறேன். பொள்ளாச்சி மில்லுல வாங்கின முடியாட்டம் நீள நார், தூள் இல்லாம, பல தடவை ஊறவெச்சுக் கழுவினது. கையில எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாருமேலயும் பழுப்பா மெல்லிசா ஒரு படலம், தேய்ச்சா வழவழன்னு விரல்ல ஒட்டுது, மழை பெஞ்ச மண்ணு வாசம். நல்லா வேலை செய்யற ஃபில்டருக்கு அந்த வாசம்தான் அடையாளம். முட்டை நாத்தம் வந்தா கெட்டது.

ஆனா முதல் மாசம் தண்ணி கட்டன்சாயா (பாலில்லாத டீ) நிறத்துல இருந்துச்சாம், அக்காவே சொன்னாங்க. நார் நாளாவட்டத்துல மக்கித்தான் தீரும், மாத்தணும். மாத்தறப்ப பாதிப் பாதியா மாத்துங்க, ஒரேயடியா எல்லாம் எடுத்தா ஜீவன்களும் போயிடும்.

மே 18

பேச்சு எங்கெங்கயோ போகுது, போகட்டும்.

கிஃப்ட் திலாப்பியா ஜீன் மாத்தின மீன் இல்ல. 1988-ல பிலிப்பைன்ஸ்ல ஆரம்பிச்ச வேலை. எகிப்து, கானா, கென்யா, செனகல் நீர்நிலைகள்ல பிடிச்ச மீனையும் ஆசியாவுல ஏற்கனவே வளர்த்துக்கிட்டிருந்த மீனையும் கலந்து, நல்லா வளர்றதைப் பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்தாங்க. நல்ல பசுவைப் பார்த்துக் காளைக்கு விடறதுதான்.

நட்டர் பிரானா இல்ல. பல்லைப் பார்த்துப் பயப்படறாங்க, சொந்தக்கார இனம்தான், ஆனா இது காய்கனி, இலை தின்கிற பக்கு. கையைக் கடிக்காதுன்னும் சொல்ல மாட்டேன். என் மருமகன் விரலை விட்டுப் பார்த்தான், இப்ப விடறதில்ல.

ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கறதுக்கு நம்ம நாட்டுல தடை இருக்கு. ஃபில்டரே இல்லாம வளரும்னு ஆசை காட்டுவாங்க. அதைப் பத்தி என்கிட்ட ஐடியா கேக்காதீங்க.

ஜூன் 10

மழை பிடிச்சிருச்சு. அக்கட்ட மலைப்பக்கம் கொட்டுது, இங்க சாரல்தான், இருந்தாலும்.

குழியில ட்ரம் வெச்சவங்க கவனிங்க. மழைக்காலத்துல ட்ரம்மைக் காலி பண்ணிக் கழுவாதீங்க. குழியைச் சுத்தித் தண்ணி ஊறியிருக்கும், காலி ட்ரம் படகாட்டம் மேல வந்துடும், பைப் ஜாயின்ட் பூரா பிச்சுக்கும். ஜல்லி ட்ரம்முக்கு இந்தப் பயம் இல்ல. முதல் ட்ரம்முக்குத்தான். மார்ச் 12-ல குழி வெட்டச் சொன்னப்ப குழிக்கு ஒரு வடிகாலும் வெட்டச் சொல்லியிருந்திருக்கலாம். சரிவான இடம்னா சுலபம்.

மழைத்தண்ணியில காரத்தன்மை கிடையாது. மென்தண்ணிக்காரங்க இந்த மாசம் ஆப்பசோடாவை மறக்காதீங்க.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் வீடு வீடா வர்றாரு, டெங்கு. தண்ணி ஓடற ட்ரம்முல கொசு முட்டை நிக்காது, ஆனா ட்ரம்மோட மூடி மேல தேங்கற மழைத்தண்ணியில நிக்கும். கொசுவலை போட்டுக் கட்டுங்க. கடைசித் தொட்டியில கப்பி மீன் நாலைஞ்சு விடுங்க. என் வீட்டுல அவரு கப்பியைப் பார்த்துட்டு எல்லா வீட்டுக்கும் இங்கிருந்து வாங்கிக் குடுக்கலாமேன்னாரு. இப்ப வாசல்ல வாளியோட ஆளு வருது.

ஜூன் 29

செடி. நைட்ரேட்டை எடுக்க. குளத்துக்குள்ள வைக்காதீங்க, நட்டர் ஒரு ராத்திரியில மொட்டையடிச்சுடும். தனித் தொட்டி. மிதவைப் பலகையில கீரை வளர்க்கறவங்களுக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 60-லருந்து 100 கிராம் தீனின்னு ஒரு கணக்கு இருக்கு. 300 கிராமுக்கு மூணுலருந்து அஞ்சு சதுர மீட்டர். வள்ளல்கீரை நல்லா வருது, கல்வாழையும் சேம்பும் பரவாயில்ல. ஆகாயத்தாமரையை மட்டும் விடாதீங்க, ஒரு துண்டு வாய்க்கால்ல போனா ஊரே உங்களைத் திட்டும். ஏப்ரல்ல உப்பு போட்டவங்க தண்ணி கொஞ்சம் மாறினப்பறம் செடி வைங்க.

ஜூலை 14

எப்பக் கழுவணும்னு மறுபடியும் மறுபடியும் கேள்வி. முதல் ட்ரம் தினமும் வால்வு திறக்கணும். ரெண்டாவது ட்ரம்மை, ரெண்டு ட்ரம் நீர்மட்டத்துக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறப்ப. அதுவும் குளத்துத் தண்ணியிலயே அலசணும். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும், மாசக்கணக்குல வளர்ந்தது ஒரு மணி நேரத்துல போயிடும். வெள்ளை வெளேர்னு தேய்ச்சுக் கழுவாதீங்க. பழுப்புப் படலம் அழுக்கில்ல. மீனுக்கு நோய்னு பொட்டாசியம் பர்மாங்கனேட் ஊத்தறதா இருந்தா ஃபில்டரைத் தனியாப் பிரிச்சு, அதுக்கு மட்டும் காத்து விட்டு வைங்க.

வேலந்தாவளத்துத் தம்பிக்கு: ஒரு இஞ்ச் பைப் போதாது, தண்ணி தானா ஓடற இடத்துல ரெண்டு இஞ்ச் போடுங்க. நாலு இஞ்ச் இருந்தா இன்னும் நல்லதுதானேன்னு கேட்டீங்க. இல்ல. மணிக்கு 3,000 லிட்டருக்கு நாலு இஞ்ச்சுல தண்ணி ஊர்ந்து போகும், கழிவு பைப்புக்குள்ளயே படியும். பைப்பை ட்ரம்முல மாட்டற டேங்க் நிப்பிளுக்கு ரப்பர் வாஷர் ரெண்டு பக்கமும் போடுங்க, ட்ரம் சுவர் வளைஞ்சிருக்கும், ஒரு பக்கம் போட்டா கசியும்.

சக்கரம் சுழல்றதுக்கு எவ்வளவு காத்து வேணும்னு கேட்டவருக்கு: என்கிட்ட இருக்கிறது மூடி, சுழலவிட்டுப் பார்த்ததில்ல. வண்டித்தாவளத்து அக்கா தம்பி சக்கரம் வெச்சிருக்காரு, அவரை எழுதச் சொல்றேன்.

ரெண்டு வாளி மூடி எடுத்து வெச்சிருக்கேன், பழைய ஃபில்டர்லருந்து. இந்த வாரம் வந்து எடுத்துக்கறவங்க ஈரச்சாக்குல சுத்தி எடுத்துட்டுப் போங்க. சாயங்காலம் வாங்க, காலையில மீன் பிடிக்கிற வேலை இருக்கு.